நாசரேத்துக் கதவு

இயேசு வாழ்ந்தார் என்பதற்கு எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு புதுச் சான்று தேற வேண்டும். தேறினால் டிசம்பர் இருபத்தைந்து வரும். தேறாவிட்டால் இருபத்துநாலுக்கு மறுநாள் இருபத்தாறு. தேறியதா இல்லையா என்று சொல்வது என் வேலை. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் கொடுத்தார்கள். வேறு யாரும் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

என் விதி கண்டிப்பானது. இரண்டு சாட்சி வேண்டும். இருவருமே அவர்மேல் குறை சொல்ல வேண்டும். புகழ்கிறவரை நான் உட்காரக்கூடச் சொல்வதில்லை. பக்தியில் எவனும் எதையும் சொல்வான். குறை சொல்கிறவன்தான் ஆளை நேரில் பார்த்திருப்பான். இதை நானே கண்டுபிடித்ததாக வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லா மாமியாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று என் மனைவி ரெத்தினபாய் சொல்லிவிட்டாள்.

போன வருஷம் ஒரே சாட்சிதான் வந்தார். கானாவூர்க் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். இயேசு தண்ணீரிலிருந்து நல்ல திராட்சரசத்தைக் கடைசிப் பந்திக்கு வரவழைத்து, முதல் பந்தியில் உட்கார்ந்த சம்பந்திகள் முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டார் என்றார். அருமையான குறை. ஆனால் ஒன்றுதானே, தள்ளிவிட்டேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ஜெபசிங்குக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. நாள் வரவில்லை, அவனும் வரவில்லை. ரெத்தினபாய் ஈஸ்டர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் டங்கென்று வைப்பாள்.

இந்த வருஷம் இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் எலியாசர் என்பவர் திருச்செந்தூர் பாசஞ்சரில் வந்து இறங்கினார். தலையில் ஒரு கதவு, நிலையோடு.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"நாசரேத்து."

"பக்கத்துல இருக்க நம்ம நாசரேத்தா?"

"இல்ல சார், அந்த நாசரேத்து. அதுக்கும் இதே வண்டிதான்."

கதவைக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டுக் குறையைச் சொன்னார். "தச்சரு மகன்கிட்ட செய்யச் சொன்னேன். இந்தா தாரேன், அந்தா தாரேன்னு இழுத்தடிச்சாரு. ஒருநாள் அவசரமா மாட்டிவிட்டுட்டு ஆத்தங்கரைக்குப் போனவருதான், திரும்பவே இல்ல. கதவு தரையில இடிக்குது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் முகத்தை அதிகாரியாகவே வைத்துக்கொண்டு, இன்னொரு சாட்சி வேண்டும் என்றேன்.

ரெத்தினபாய் அச்சுமுறுக்கு மாவோடு அடுக்களையிலிருந்து வந்தாள். "நம்ம கல்யாணத்துக்கும் ரெண்டு பேருதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேரும் போய்ச் சேந்தாச்சு. அதுக்காக நான் ஒங்களுக்குச் சோறு போடாம இருக்கேனா?"

அது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்காதது நல்லதாயிற்று.

அப்போது கதவைச் சுவர்ப்பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். எலியாசர் தாழை நீக்கினார். கதவு ஒரு சாண் திறந்து, தரையில் இடித்து நின்றது. இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது, சுத்தியல் பட்டிருக்கும்.

"இழைப்புளி கிடைக்குமா?" என்றது ஒரு குரல்.

ரெத்தினபாய் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து அந்தக் கையில் கொடுத்தாள். விசாரணையில் இருக்கும் பொருளில் கைவைக்கக் கூடாது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். கை வேலையாக இருந்தது. கூடமெங்கும் மரச்சுருள் விழுந்தது. வேலை முடிந்ததும் இழைப்புளியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

எலியாசர் கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். "சுகமாப் போகுது. இனி எனக்கு ஒரு குறையும் இல்ல சார்."

ஆக, இருந்த ஒரு சாட்சியும் போயிற்று. ரெத்தினபாய் காலண்டர் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

எலியாசர் மறுபடி திறந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் ஜெபசிங் பெட்டியோடு நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அவனுக்கு லீவு மறுநாள்தான்.

"கதவு வேலை முடியட்டும்னு ஒருத்தரு என்னை நிறுத்தி வச்சிட்டாருப்பா. காலு கடுக்குது" என்றான்.

"குறைதான். ஒன்று" என்றேன்.

"இன்னொண்ணு?" என்றாள் ரெத்தினபாய், திரும்பாமலே.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்? கையில இருந்த சாட்சியையும் கெடுத்துட்டுல்லா போயிருக்காரு அந்த மனுஷன்! இத்தனை காலம் இழைக்காத கதவை இன்னைக்கு வந்துதான் இழைக்கணுமா? என் பிள்ளை வாசல்ல நிக்கான்."

அவள் திரும்பினாள். "இப்ப நீங்க யாரைக் குறை சொல்லுதீங்க?"

யோசித்துப் பார்த்தேன். விதிப்படி சரியாகத்தான் இருந்தது. எழுந்து நின்று, என்னை உட்காரச் சொல்லி, உட்கார்ந்தேன். தேறியது என்றேன்.

ரெத்தினபாய் தாளைக் கிழித்தாள். இருபத்தைந்து. ஜெபசிங் உள்ளே வந்தான். எலியாசர் முறுக்கைக் கட்டிக்கொண்டு, கதவைத் தலையில் தூக்கி, அடுத்த வண்டிக்குப் போனார்.

மறுநாள் ராத்திரி அவள் அந்தத் தாளையும் கிழித்தாள். அடியில் போன வருஷம் வராத இருபத்தைந்து இருந்தது. ஜெபசிங்குக்கு அன்றைக்கும் லீவு உண்டு. ரெத்தினபாய் மறுபடி அரிசி ஊறப்போட்டாள்.