குஞ்சு வாய் நிறம்

முஸெய்யன் பின்னிக்கொண்டிருந்த போர்வைக்குக் கையிலிருக்கும் நூல் போதாது என்பது நெர்மினுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

போர்வை ஓரகத்தியின் மடியிலிருந்து வழிந்து தரைவரை கிடந்தது. குஞ்சு வாய் நிறம். தாய்ப்பறவை வரும்போது குஞ்சு வாயைப் பிளந்தால் உள்ளே தெரியுமே, அந்த இளஞ்சிவப்பு. பர்ஸா நகரத்தில் நூல் வாங்கும் பெண்களுக்கு அந்தப் பெயர் சொன்னாலே போதும். முஸெய்யனின் மகள் நெவினுக்குக் கல்யாணம். சீரில் வைக்க இந்தப் போர்வை.

"பாதி தாண்டியாச்சு," என்றாள் முஸெய்யன். "மீதி நூலைக் கடைக்கார வஹித் அண்ணன் என் பேர் எழுதி ஒதுக்கி வச்சிருக்கார். தீரத் தீரப் போய் எடுத்துக்கிறேன்."

"நல்ல நிறம்க்கா."

"கையில எடுத்தா கீழ வைக்க மனசு வராது. நீயும் திரும்ப ஊசியப் பிடியேன். எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருப்ப?"

நெர்மின் டீயைக் குடித்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் கையில் ஊசி இருந்தது. குங்குமப்பூ கரைத்த பால்போல ஒரு மஞ்சள் நூல். கணவன் ஃபேரித் இஸ்தான்புல்லிலிருந்து வாங்கி வந்தது. குல்லா, சட்டை, காலுறை, ஒரு சின்னப் போர்வை. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இழுப்பறையைத் திறந்தால் காலி. முஸெய்யன் எல்லாவற்றையும் எடுத்துப்போய்ப் பிரித்திருந்தாள்.

"உன் கண்ணுல பட்டா நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான்," என்று அணைத்துக்கொண்டாள்.

குளிர்காலம் வந்தபோது அந்த மஞ்சள், முஸெய்யனின் தோளில் சால்வையாக இருந்தது. மூத்த மருமகளுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று மாமியார் பேஹிஜே போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நல்லதுக்குத்தானே செஞ்சாங்க என்று ஃபேரித்தும் சொன்னான். நெர்மின் யாரோடும் வாதாடவில்லை. அது நல்லதுக்கு இல்லை என்று முஸெய்யனின் வாயிலிருந்தே வர வேண்டும், மாமியார் காதில் விழ வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகக் காத்திருந்தாள்.

மறுநாள் கடைவீதிக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டே போனாள். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"வாங்க தங்கச்சி, பாத்து எவ்வளவு நாளாச்சு," என்றார் வஹித். "ஓரகத்தியோட பையை எடுக்கத்தானே வந்தீங்க?"

நெர்மின் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க, இந்த லாட் இதோட முடிஞ்சது. அடுத்த லாட் வந்திருக்கு, ஆனா வேற தொட்டியில போட்ட சாயம். உருண்டையாப் பாத்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். பின்னினா கோடு கிழிச்ச மாதிரி தனியாத் தெரியும்."

"பழைய லாட் அலமாரியில எங்கயாவது மிச்சம் இருக்கா?"

"தேடினா ரெண்டு மூணு இருக்கும்."

"அதையும் குடுங்க."

அவர் ஏணியில் ஏறினார். நெர்மின் பையைத் திறந்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கதகதப்பாக, நிஜமாகவே பசியோடு வாயைத் திறந்துகொண்டிருப்பதுபோல இருந்தன. ஒன்றை எடுத்து அமுக்கினாள். அமுங்கிவிட்டு மெல்ல எழுந்தது. மறுபடியும் அமுக்கினாள். இந்த ஆசை அவள் கணக்கில் இல்லாத ஒன்று. தலையைத் தூக்கினால் சுவர் முழுக்க நிறங்கள்: காய்ந்த ரோஜா, கத்தரிக்காய்த் தோல், மழைக்கு முன்னால் கடல் இருக்குமே அந்தச் சாம்பல் நீலம். மூன்று வருடமாக இந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனவள், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். பழிவாங்க வந்தவளுக்குப் பிஸ்தாப் பச்சை எதற்கு? அதையும் வாங்கினாள், அந்தச் சாம்பல் நீலத்தையும் வாங்கினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள். முஸெய்யனின் பெயர் எழுதியிருந்த சீட்டைப் பையிலிருந்து கிழித்தாள். குஞ்சு வாய் நிறத்துக்குப் பக்கத்தில் பச்சையை வைத்துப் பார்த்தாள், பிறகு நீலத்தை வைத்துப் பார்த்தாள்.

"திரும்பப் பின்னப் போறியா?" என்றான் ஃபேரித், கதவருகில் நின்று. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமா. பெரிய வேலை ஒண்ணு இருக்கு."

முஸெய்யன் அந்த வாரமே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வஹித் அண்ணன் சொன்னார். என் பேர் எழுதின பையை நீ எடுத்துட்டு வந்தியாம்."

"பேரைக் கிழிச்சு பத்திரமா வச்சிருக்கேன்க்கா. வேணுமா?"

"விளையாடாத நெர்மின். ஞாயித்துக்கிழமை சீரைப் பரப்பணும். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க ஒவ்வொண்ணையும் ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போய்ப் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. உங்க கைவேலைக்கு என்ன குறை?"

"உனக்கு என்னடி வேணும்?" என்றாள் முஸெய்யன்.

"வெள்ளிக்கிழமை சீர்த் துணிக்கு இஸ்திரி போட வருவேன்ல. அப்ப சொல்றேன்."

வெள்ளிக்கிழமை முஸெய்யனின் வீட்டில் குடும்பப் பெண்கள் நால்வர் மட்டும். தலையணை உறைகளும் விரிப்புகளும் அறையெங்கும் மலையாகக் குவிந்திருந்தன. நெவின் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் இன்னொரு கையில் போனுமாக நின்றாள். பேஹிஜே சோபாவில் உட்கார்ந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய, பாலாடைக்கட்டி அடைத்த அடுக்கு ரொட்டியான பெரெக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். போர்வை முடியாமல், ஊசி குத்தியபடி நாற்காலியில் கிடந்தது.

நெர்மின் பையைக் கம்பளத்தின் நடுவில் வைத்தாள்.

"நூல் தரேன்க்கா. என் இழுப்பறையில இருந்ததை எதுக்குப் பிரிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அத்தையும் கேக்கட்டும்."

"அதை எதுக்கும்மா இப்பக் கிளறுற?" என்றாள் பேஹிஜே. "உன் நல்லதுக்குத்தானே அவ..."

"நான் அக்காவைத்தான் கேட்டேன் அத்தை."

"உன் கண்ணுல படக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தாள் முஸெய்யன்.

நெர்மின் பையைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்தாள். முஸெய்யனின் கண் பையோடு கூடவே நகர்ந்தது. நெர்மினுக்கு அந்தப் பார்வை புரிந்தது. வஹித் கடை வாசலில் தன் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். புரிந்ததால் இரக்கம் ஒன்றும் வரவில்லை. எந்த இடத்தில் பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஓர் உருண்டையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த மஞ்சள்," என்றாள் முஸெய்யன். அவள் உருண்டையைப் பார்த்துத்தான் பேசினாள். "தினம் உன் மடியில பாத்துட்டே இருந்தேன். ஊரெல்லாம் தேடினேன், கிடைக்கல. அப்புறம் உனக்கு அப்படி ஆனதும், இனி இது யாருக்கும் ஆகாதேன்னு தோணிச்சு. அன்னிக்கே எடுத்துட்டு வந்து பிரிக்க உக்காந்துட்டேன்."

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கும்போதேவா?"

"ஆமா."

"என் நல்லதுக்கா?"

"நூல் மேல ஆசை. போதுமா?"

நெவின் போனைக் கீழே வைத்தாள். பேஹிஜேயின் கத்தி பெரெக்கில் பாதி இறங்கி நின்றது.

நெர்மின் பையை முன்னால் தள்ளினாள். முஸெய்யன் இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். எடுத்ததும் முதல் உருண்டையின் சீட்டைத் திருப்பி, லாட் நம்பர் சரியா என்று பார்த்தாள். மாமியார் அதைக் கவனிப்பதை நெர்மின் கவனித்தாள். இந்தச் சாட்சியை அவள் கேட்கக்கூட இல்லை. தானாகக் கிடைத்தது.

முஸெய்யன் உருண்டைகளைப் போர்வைமேல் அடுக்கினாள். இன்னொரு முறை அடுக்கினாள்.

"இது பத்தாதே."

"பத்தாதுதான்."

"மீதி எங்க?"

"வீட்டுல. எனக்கு ஒரு சட்டை ஆரம்பிச்சிருக்கேன். பச்சையில கரை வைக்கப் போறேன்."

"கடைசி ஒரு சாண்ல கோடு விழும் நெர்மின். எல்லாரும் பாக்கிற பக்கம் அதுதான்."

"தெரியும்க்கா. அளந்துதான் கொண்டு வந்தேன்."

"விடும்மா," என்றாள் நெவின். "நான் கடைப் போர்வைதான் போத்திக்கப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பேஹிஜே கத்தியை முழுவதும் இறக்கி, மொறுமொறுப்பான மூலைத் துண்டை எடுத்தாள். அந்தத் துண்டு எப்போதும் மூத்த மருமகளுக்குத்தான் போகும். இன்று அதை நெர்மினின் தட்டில் வைத்தாள்.

நெர்மினுக்கு நல்ல பசி. அதைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.