கின்னிக்கோழிகளுக்குத் தெரிந்த ஆள்

நைட்டிக்குள் தலையை விட்ட பிறகுதான், கையை எந்தப் பக்கம் நுழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. மாலை 5.52. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவியின் ஊதா நைட்டி என் தோளில் இறுகி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. அதில் இருந்த மஞ்சள் பூக்கள் எல்லாம் என் தொப்பையின் மேல் மலர்ந்திருந்தன. பீரோ கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்துத் தொலைத்தேன். நான் இருபத்தெட்டு வருடமாக பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். என் விசில் சத்தம் கேட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிற டிரைவர்கள் உண்டு. அவர்களில் ஒருவன் அந்த நிமிடம் கதவைத் தட்டியிருந்தால், மறுநாளே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

எல்லாம் அந்தக் கின்னிக்கோழிகளால் வந்த வினை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏற்கனவே நான்கு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் இரண்டு வாத்துகளும் இருந்தன. எனக்கு அதுவே அதிகம். போன வருடம் ஒரு டிரைவர் யாரிடமோ வாங்கி வந்த பதினைந்து கின்னிக்கோழி முட்டைகளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அவற்றை அடைகாக்கிற ஒரு பெட்டைக்கு அடியில் வைத்தாள். கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரியும் என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டாம் நாள் காலையில், இவை கூமுட்டைகள், தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். "நேரத்துக்கு வர்றதுக்கு இது என்ன உங்க பஸ்ஸா?" என்றாள். பெட்டையும் பொறுமை இழந்து எழுந்து எழுந்து போனது. இவள் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி வந்து, முதுகில் கையை வைத்து உட்கார வைத்தாள். இருபத்தேழாம் நாள் பதின்மூன்று குஞ்சுகள் வந்தன. ஒன்று இரண்டாம் நாளே போய்விட்டது. மிச்சம் பன்னிரண்டு.

குஞ்சுகள் ஈரம் பட்டால் செத்துவிடும் என்று தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தாள். ஒன்றுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாமல் இருந்தது. மருந்துக்கடை பிளாஸ்திரியைக் கிழித்து இரண்டு காலையும் அளவான இடைவெளியில் சேர்த்துக் கட்டினாள். நான்கு நாளில் அது நடந்தது, கொஞ்சம் சாய்ந்து. நொண்டி என்று பேர் வைத்தாள். எல்லாவற்றையும் அதட்டிக்கொண்டு முன்னால் போன ஒன்றுக்கு மேஸ்திரி என்று பேர். இறகு முளைத்த பிறகு பன்னிரண்டும் ஒருநாள் சேர்ந்து மதில் மேல் பறந்து ஏறின. வளர்த்த பெட்டை கீழே நின்றுகொண்டு, தான் பெற்ற பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அரை மணி நேரம் கத்தியது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

கின்னிக்கோழி, கோழி மாதிரி இல்லை. அதற்கு வீடு என்று ஒன்று தானாகத் தெரியாது. சாயங்காலம் ஆனால் மரத்தில் ஏறிவிடும், அங்கே பூனையோ ஆந்தையோ கொண்டுபோய்விடும். அதைக் கூண்டுக்குப் பழக்குவதற்காக என் மனைவி ஆறு வாரம் அடைத்து வைத்தாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் தினை போட்ட தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். அசையாமல், முழங்கால் மரத்துப் போகும்வரை. மடியில் தினையைக் கொட்டிக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். பார்த்தால் ஓடிவிடுமாம். இரண்டு மாதம் கழித்து நொண்டி அவள் கையிலிருந்து தின்றது. அன்று ராத்திரி என்னிடம் அதை மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை நான் தூங்கிவிட்டேன்.

பிறகு அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பெண்கள் வார்டு என்பதால் எங்கள் மகள் லீவு போட்டு வந்து கூட இருந்தாள். நான் மத்தியானம் வந்து பார்க்கலாம், சாயங்காலம் வரவே கூடாது என்பது மனைவியின் உத்தரவு. ஆபரேஷனுக்கு முந்தின நாள், கையில் ஊசியை மாட்டிய பிறகும், டப்பா எங்கே இருக்கிறது, கதவை எப்போது சாத்துவது என்றுதான் பேசினாள். ஒரு வாரம் மரத்திலேயே தங்கிவிட்டால் அப்புறம் கூண்டை மறந்துவிடும், திரும்ப முதலிலிருந்து பழக்க வேண்டும், அதற்குத் தன் உடம்பில் தெம்பு இருக்காது என்றாள். நான் திரும்பி வரும்போது எல்லாமே இருக்கணும் என்றாள். சரி என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் டிப்போவிலிருந்து நேராக வந்து, காக்கி உடையோடு டப்பாவைக் குலுக்கினேன். கோழிகள் வந்தன, வாத்துகளும் வந்தன. கின்னிக்கோழிகள் மதில் மேல் வரிசையாக நின்று, திருடனைக் கண்ட மாதிரி கத்தின. நானும் குரல் கொடுத்தேன். எத்தனையோ வருடம் மைக்கில் பஸ் நம்பர் கூவிய குரல் அது. பன்னிரண்டும் ஒரே பறப்பில் மரத்துக்குப் போய்விட்டன. இருட்டும்வரை மரத்தடியில் நின்று கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் திட்டினேன். ஒன்றும் இறங்கவில்லை. காலையில் மரத்தடியில் புள்ளி போட்ட இறகுகள் கிடந்தன. மேலே பதினொன்று இருந்தன. நொண்டியைக் காணோம்.

இறகுகளைப் பொறுக்கி எடுத்து, கொல்லையில் ஒரு செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். எனக்கு அப்படி அழுகை வரும் என்று நான் நினைக்கவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் மயக்க மருந்தின் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "எல்லாம் உள்ள போயிடுச்சா?" என்று கேட்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் அன்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கின்னிக்கோழிகளின் சத்தத்தைப் பற்றி எங்களிடம் நான்கு முறை புகார் செய்தவர். இன்றைக்கும் அதற்குத்தான் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"சார், அவங்க எப்பவும் அந்த ஊதா நைட்டியிலதான் டப்பாவை எடுத்துக்கிட்டு வருவாங்க. தலையில துண்டு கட்டியிருப்பாங்க. உங்க காக்கியைப் பாத்தா அதுங்களுக்கு யாருன்னு தெரியுமா? நான் நோட்டு திருத்திக்கிட்டே தினம் பாக்குறேன்."

இப்படித்தான் நான் நைட்டிக்குள் வந்தேன். தலையில் அவள் துண்டைக் கட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவே இல்லை. கொல்லையில் அவள் உட்காருகிற இடத்தில், அவள் மாதிரியே எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்து டப்பாவைக் குலுக்கினேன். மரத்தில் சத்தம் நின்றது. மேஸ்திரி முதலில் மதிலுக்கு வந்து, கழுத்தை நீட்டி ஒரு கண்ணால் பார்த்தது, அப்புறம் மறு கண்ணால். பூக்கள் சரியாக இருந்தன போல, மீசையைக் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றாக இறங்கின. கூண்டு வரைக்கும் தினையைத் தூவிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். பதினொன்றும் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அவர் சிரித்தது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். 5.50க்கு நைட்டி, 6.20க்குக் கதவு, 6.30க்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். எல்லாம் உள்ளே போய்விட்டதா என்பாள், எல்லாம் போய்விட்டது என்பேன். மூன்றாம் நாள் தோள் தையல் பிரிந்தது. பரவாயில்லை, கையைத் தூக்க வசதியாக இருந்தது. அந்த நைட்டியில் சோப்பும் வெங்காயமும் அவள் வேர்வையும் கலந்த வாசனை இருந்தது. கதவைச் சாத்திய பிறகும் உடனே கழற்ற மனம் வராது. அதோடே அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறேன். இத்தனை வருடம் நான் வீட்டுக்கு வரும்போது இவள் கொல்லையில் இருந்திருக்கிறாள், நான் பேப்பர் படித்திருக்கிறேன். மடியில் அவை தினை கொத்தும்போது தொடையில் படுகிற குறுகுறுப்பு எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எட்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளே சீழ் வைத்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் மகள்தான் பேசினாள். அம்மாவால் பேச முடியவில்லை, போனைக் காதில் வைக்கச் சொல்கிறாள் என்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. போனைக் கூண்டின் கம்பி வலைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன். உள்ளே அவை இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பயந்துபோயிருந்தேன். நொண்டி போனதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், சொல்லாமலே அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று கூட மனம் ஓடியது. அப்படி நினைத்ததற்காக என்னையே கன்னத்தில் அடித்துக்கொண்டேன்.

காய்ச்சல் இறங்கியது. பதினேழாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் ஒரு பக்கம் பிடிக்க, ஆட்டோவிலிருந்து இறங்கியவள் பாதியாக இருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. மகள் வாங்கிக் கொடுத்த புது வெள்ளை கவுனில், வயிற்றைக் கையால் தாங்கி, குனிந்தபடி நடந்தாள். படுக்கச் சொன்னோம். கேட்கவில்லை. கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போடச் சொல்லி, அங்கிருந்தே பார்ப்பேன் என்றாள்.

வேறு வழியில்லை, நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தேன். போனில் இந்த விஷயத்தையும் நான் சொல்லியிருக்கவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். என் மனைவி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "சிரிக்க வெக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் போய் உட்கார்ந்து டப்பாவைக் குலுக்கினேன். அவை இறங்கி வந்து என் மடியைச் சுற்றிக்கொண்டன. அவள் உதடு அசைவது தெரிந்தது. எண்ணுகிறாள்.

"நொண்டியா?" என்றாள்.

நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன். "முதல் நாளே. என் தப்புதான். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். நீங்க ஆறு மணிக்கு வரேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா? அஞ்சு அம்பத்தேழுன்னுதான் சொல்வீங்க. இத்தனை நாள் எல்லாம், எல்லாம்னீங்களே தவிர, பன்னெண்டுன்னு ஒரு நாள் கூட உங்க வாயில வரலை."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பீங்க" என்றாள். "அங்க படுத்துக்கிட்டு எனக்கு அந்த எல்லாம்ங்கிற வார்த்தைதான் வேணும்னு இருந்துச்சு."

பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். நான் வேண்டாம் என்பதற்குள் கதவைத் தாண்டி இரண்டு அடி வைத்துவிட்டாள். கின்னிக்கோழிகள் தலையைத் தூக்கின. வெள்ளை உடுப்பில், குனிந்து, தயங்கித் தயங்கி வருகிற யாரோ ஒருத்தி. மேஸ்திரி கத்தியது. உடனே பதினொன்றும் கத்தின. என் மடியில் இருந்த தினை நாலாபக்கமும் சிதற, எல்லாம் மதிலுக்கும் அங்கிருந்து மரத்துக்கும் பறந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது கூட அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. நீட்டிய கையை மெதுவாக இறக்கி, கவுனில் துடைத்துக்கொண்டாள்.

"என்னைத் தெரியலைங்க அதுங்களுக்கு" என்றாள்.

நான் நைட்டியைத் தலைவழியாகக் கழற்றினேன். உள்ளே பனியனும், முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்ட டிப்போ பேண்ட்டும்தான். டீச்சர் மதிலுக்கு மேல் தெரிந்து, சட்டென்று மறைந்தார். துவைக்காத நைட்டி என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள், தொற்று வந்துவிடும் என்றாள். என் மனைவி கையை நீட்டி அதை வாங்கினாள். கவுனுக்கு மேலேயே போட்டுவிட்டேன், குழந்தைக்குப் போடுவது மாதிரி ஒவ்வொரு கையாக. பிரிந்த தையல் வழியாக வெள்ளை தெரிந்தது, நைட்டி அவள் உடம்பில் தொங்கியது. துண்டை அவளே கட்டிக்கொண்டாள். அவளால் தரையில் உட்கார முடியாது. துணி காயப்போடுகிற கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் டப்பாவைக் கொடுத்துவிட்டு, அவற்றின் கண்ணில் படாமல் இருக்கக் கதவுக்குப் பின்னால் போய், இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

வெளிச்சம் இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கும். அவள் டப்பாவைக் குலுக்கினாள். சத்தம் பலவீனமாக இருந்தது. குரல் கொடுக்கப் பார்த்தாள், முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "ப்பா... ப்பா..." என்றாள். மரத்தில் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேஸ்திரி மதிலுக்கு வந்தது. அங்கிருந்து தரைக்கு. கழுத்தை நீட்டி, ஒரு கண்ணால் அவளைப் பார்த்தபடி நான்கு அடி நடந்து வந்தது. அவள் அதைப் பார்க்காமல், கம்பத்தைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி ஐந்தாவது அடிக்குக் காலைத் தூக்கியது. தூக்கிய காலை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல், அப்படியே ஒற்றைக்காலில் நின்றது.