கம்பி உக்காந்துச்சா?

எங்கள் ஊர் வெயிலைத் திட்டுவதா குளிரைத் திட்டுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. குளிர்காலத்தில் கேரேஜ் கதவின் அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் பட்டனை அமுக்கி மோட்டாரைக் காலி செய்வார்கள். வெயில் காலத்தில் கதவுத் தகடு விரிந்து, அது ஏறி இறங்கும் தடத்தில் சிக்கிக்கொள்ளும். அப்போதும் பட்டனைத்தான் அமுக்குவார்கள். இந்த மகானுபாவர்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதால் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். மோட்டார், வயர் எல்லாம் என் பொறுப்பு. ஸ்பிரிங் அவருடையது. கதவுக்கு மேலே படுத்திருக்கும் அந்த ஸ்பிரிங்தான் கதவின் பாரத்தைத் தூக்குகிறது. அதை முறுக்க, ஏணியில் ஏறி, முனையிலுள்ள துளையில் ஒரு கம்பியைச் செருகித் திருப்ப வேண்டும். கம்பி துளையின் அடிவரை போய் உட்கார வேண்டும். பாதியில் நின்றால் வழுக்கி வந்து ஆளின் முகத்தைப் பெயர்த்துவிடும். உட்கார்ந்ததா இல்லையா என்பது விரலுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து நான் கேட்பேன்: "உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு, இன்ஸ்பெக்டரம்மா."

அதற்குப் பிறகுதான் கம்பி திரும்பும். கல்யாணமானதிலிருந்து இதே பேச்சுதான். வேறு கொஞ்சலெல்லாம் எங்களுக்கு வரவில்லை.

போன குளிரில் ஒரு வீட்டில், சின்னத் திருகாணி கையுறையில் பிடிபடவில்லை என்று, இவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு அடித்த குளிர் வேறு. விரல்கள் வெளுத்து, கறுத்து, தோல் உரிந்தன. விரல்கள் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். உணர்ச்சி மட்டும் போய்விட்டது.

"வெயில் காலம் முடியறதுக்குள்ள திரும்பணும். இல்லைன்னா அப்புறம் வராது" என்றார் டாக்டர்.

வந்துவிட்டது. அப்படித்தான் இவர் சொன்னார். வெயில் தொடங்கிய புதிதிலேயே ஒரு நாள் டீ கப்பை எடுத்தவர், "ஏய், சுடுதுடி!" என்று கத்தினார். நான் உட்கார்ந்து அழுதேன். இவளுக்கு அழுகையே வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் மாமியார் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

நேற்று ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் வேலை. வெயில் காலத்தின் கடைசி, போகிற போக்கில் எல்லாவற்றையும் வறுத்துவிட்டுப் போகிற வெயில். கறுப்பு பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. உடைந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினோம்.

"உக்காந்துச்சா?"

அண்ணாந்து பார்த்தேன். துளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்துச்சு."

பரவாயில்லையே, மனுஷனுக்கு இப்போதாவது நிதானம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

முறுக்கி முடித்ததும் கதவைக் கையால் பாதிவரை தூக்கிப் பார்ப்போம். ஸ்பிரிங் சரியாக இருந்தால் கதவு அங்கேயே நிற்கும். அவர் வெளியே போய்த் தூக்கினார். நானும் குனிந்து வெளியே வந்தேன். வேடிக்கை பார்க்க வந்த டாக்டரம்மா கதவைத் தொட்டுவிட்டு, "அம்மாடியோவ்!" என்று கையை உதறிக்கொண்டார்.

"இந்தக் கலர் அடிச்சா அப்படித்தான் மேடம். அடுப்பே வேணாம், இதுலயே சமைச்சுக்கலாம்" என்று சிரித்தார் இவர்.

டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். இவருடைய இடது கை விரல்கள் அதே தகட்டில் பதிந்திருந்தன. கையுறை பின்பாக்கெட்டில் தொங்கியது.

"கையை எடுங்க!"

"எதுக்குடி? கதவு நிக்குதான்னு பாக்க வேணாமா?"

நானே பிடித்து இழுத்தேன். விரல் நுனிகள் சிவந்து, கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. கதவு பாதியில் ஆடாமல் அசையாமல் நின்றது.

வேனில் உட்கார வைத்து, நான் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன், ஈரத் துணியைச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"கண்ணால பாத்துட்டுத்தானே இத்தனை நாளா உக்காந்துச்சு உக்காந்துச்சுன்னு சொன்னீங்க? ஒரு தடவை கம்பி வழுக்கியிருந்தா இந்த மூஞ்சி இருந்திருக்குமா? அன்னிக்கு டீ கப்பு? ஆவியைப் பாத்துட்டுக் கத்துனீங்களா?"

"சேச்சே. இந்தக் கைதான் கொஞ்சம் மந்தம். வலது கை பக்காவா இருக்கு. வேணும்னா பாரு."

"கண்ணை மூடுங்க."

"பரீட்சையா?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடிக்கொண்டு வலது கையை என் பக்கம் நீட்டினார்.

"இப்போ தொட்டுட்டிருக்கேன். எந்த விரல்?"

யோசித்தார். முகமெல்லாம் அப்படி ஒரு கவனம். நெற்றி வியர்வை இமையில் இறங்கியும் கண்ணைத் திறக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பவரின் முகம் இல்லை அது. தனக்குத் தெரிகிறது என்று மனதார நம்புகிறார், பாவி மனுஷன்.

"மோதிர விரல்" என்றார். "சரியா, இன்ஸ்பெக்டரம்மா?"

என் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் இருந்தன.

போன் அடித்தது. யாருக்கோ கதவு பாதியில் நின்றுவிட்டதாம், ஸ்பிரிங் உடைந்த சத்தம் கேட்டதாம், உடனே வர வேண்டுமாம்.

"இல்லைங்க" என்றேன். "ஸ்பிரிங் வேலை இனிமே நாங்க பாக்கறதில்ல."

அவர் கண்ணைத் திறந்தார். ஸ்டியரிங் மேல் இருந்த என் கையைப் பார்த்தார், போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"தப்பா?" என்று கேட்டார்.