வட்டத்துக்குள் மாமா

தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரும்பி வந்தவள், சக்கர நாற்காலி காலியாக நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிரேக் போட்டது போட்டபடி இருந்தது. போர்வை புல்லில் சரிந்து கிடந்தது. மாமனாரைக் காணோம்.

பூங்கா வாசல் கடைக்குப் போய்வந்த நேரம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போவதற்குள் மூச்சு வாங்குகிற மனிதர் எங்கே போயிருப்பார்? அப்பாவை வெளியே எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதே என்று கணவன் காலையில்கூடப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். மாமாதான் விடவில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். நாலு மாதமாக ஒரே ஜன்னலைப் பார்த்துக் கிடப்பது டிப்போ மூலையில் தள்ளிவிட்ட வண்டி மாதிரி இருக்கிறது என்றார். வழி நெடுக அவள் நாற்காலி தள்ளும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். வளைவில் ஹாரன் அடிக்கவில்லையாம்.

மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் வட்டமாக நின்றிருந்தது. முகமெல்லாம் சாம்பல் நிற மண் பூசியிருந்தார்கள். வாயை மூடியபடி தொண்டைக்குள்ளேயே எதையோ இழுத்துக்கொண்டு, கையிலிருந்த கோல்களால் தரையைத் தட்டினார்கள். எந்த ஊர்க்காரர்கள், எந்தச் சாமிக்கு, நல்லதுக்கா கெட்டதுக்கா, எதுவும் விளங்கவில்லை. நடுவில் ஒரு சட்டி புகைந்தது. புகைக்குப் பின்னால் மாமாவின் நீலச் சட்டை தெரிந்தது.

அவள் எப்போதோ கேட்ட நரபலிக் கதைகள் எல்லாம் மொத்தமாக வந்து மோதின. "மாமா" என்று கூப்பிட்டாள். குரல் அந்த முனகலுக்குள் காணாமல் போனது.

ஆட்களை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அத்தனை கண்களும் அவளையே பார்த்தன, ஆனால் தட்டுவது நிற்கவில்லை.

மாமா பாயில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த ஒரு தடித்த மனிதரின் தோளில் தலை சாய்த்திருந்தார். மாமாவின் கன்னத்திலும் மண். அந்த மனிதர் அசையாமல், சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்தார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். தூங்குகிறாராம்.

அவள் மாமாவின் கையைத் தொட்டாள். மூக்கருகே விரலை வைத்தாள். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"தூங்கல," என்றாள்.

பேச்சு புரியாவிட்டாலும் அவள் முகம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கையைத் தூக்கினார். கோல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி அந்த அமைதி அவளைப் பிடித்துக்கொண்டது.

கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் இவள் பேச்சு கொஞ்சம் தெரிந்தது. மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு அவராகவேதான் நடந்து வந்தார், மண்ணையும் அவரே கேட்டுப் பூசிக்கொண்டார் என்றாள்.

"இது எதுக்குன்னு கேட்டாரு. செத்துப்போனவங்கள வழியனுப்பன்னு சொன்னேன். அப்ப எனக்கும் ஒரு சீட்டு போடுன்னு சிரிச்சாரு."

அது மாமா பேச்சேதான். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கணவனிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. போனை எடுத்து அழுத்தினாள், வேறு யாருக்கோ போனது. மறுபடி போட்டாள். பூங்காவுக்கு வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஆம்புலன்சுக்குப் போட்டாள்.

ஆம்புலன்சும் அவனும் ஒன்றாகத்தான் வந்தார்கள். வேலை உடுப்போடு ஓடி வந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றான்.

"யாரு இத பூசினது?"

அவள்தான் முன்னால் வந்தாள்.

"மாமாதான் கேட்டு வாங்கிக்கிட்டாராம்," என்றாள்.

அவன் கைக்குட்டையை எடுத்துக் குனிந்தான். கன்னத்தருகே கொண்டுபோனவன், துடைக்காமல் சட்டைப்பைக்குள் திரும்பத் திணித்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் மாமாவைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். தடித்த மனிதரால் எழுந்திருக்க முடியவில்லை. அத்தனை நேரம் மடக்கி வைத்திருந்த கால் மரத்துப்போயிருந்தது. கணவன் இரண்டு கைகளையும் நீட்டி அவரைத் தூக்கி நிறுத்தினான். காலில் ரத்தம் ஓடட்டும் என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார் அவர். அவனும் நகரவில்லை.

அவள் பக்கம் அவன் இன்னும் திரும்பவில்லை.