எந்தப் பக்கமும் பார்க்காத வீடு

தியாகராய நகரில், கடைத்தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எந்தத் திசையையும் பார்க்காத மாடி வீடு ஒன்று வாடகைக்கு இருந்தது. அந்தப் பக்கத்தில் கிழக்கு பார்த்த வீடுகளுக்கு வாடகை அதிகம். வடக்கு என்றால் கொஞ்சம் குறையும். தெற்கு என்றால் பேரம் பேசலாம். திசையே இல்லாத வீடு இவற்றுக்கெல்லாம் கீழே, தரகரின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

மங்கையர்க்கரசிக்கு அது போதும். அவள் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் பட்டுப்புடவை காட்டும் வேலை செய்தாள். குடியிருந்தது கூடுவாஞ்சேரிக்கும் அப்பால். விடியும் முன் ரயில் ஏறுவாள், வீடு திரும்பும்போது தெருவே அடங்கியிருக்கும். வாரத்தில் ஏழு நாளும் அவள் பார்க்கிற நேரத்திலெல்லாம் நான்கு வயது மகள் பொற்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையின் கண் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் கறுப்பு என்று சொல்லிவிடுவாள். ஆனால் அது குத்துமதிப்புதான்.

வீடு நன்றாகவே இருந்தது. ஒரு படுக்கையறை, சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. எந்த ஜன்னல் வழியாக வருவது என்று தெரியாததால் வெயில் எல்லா ஜன்னலிலும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. "துணி வெட்ட நல்ல வெளிச்சம்," என்றான் அவள் கணவன் ஏகாம்பரம். வீட்டிலேயே தையல் தைப்பவன் அவன்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் தங்கமான மனிதர். என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா என்றெல்லாம் குடையவில்லை. அவருக்கு இருந்தது ஒரே நிபந்தனை.

"பால் காய்ச்சணும்மா. ஏதாவது ஒரு பக்கம் பொங்கி வழியணும். வழிஞ்சா சாவி உங்களுக்கு. இதுக்கு முன்னாடி நாலு குடும்பம் வந்தாங்க. நான் வேணாம்னு சொல்லல, பால்தான் பிடி குடுக்கல."

நல்ல நாளாக இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமையைப் பிடித்தார்கள். அங்கேதான் தப்புப் பண்ணினார்கள். பாலைக் கிழக்கு பார்த்துக் காய்ச்ச வேண்டும், அந்த வீட்டிலோ கிழக்கு இல்லை. கால்மணி நேரத்துக்குக் கைமாற்றாக வாங்கி வரலாம் என்று ஏகாம்பரம் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். அது அருமையான கிழக்கு பார்த்த வீடு. அந்த அம்மாள் பூஜையறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேற நாள்னா தாராளமாத் தருவேன் தம்பி. வெள்ளிக்கிழமை நாங்க உப்பு, தயிர், கிழக்கு எதையும் வெளியில குடுக்கிறதில்ல."

காலித் தூக்கோடு வந்தவனை மங்கை கோபித்துக்கொள்ளவில்லை. "நாம மட்டும் குடுப்போமா?" என்றாள்.

பத்தரைக்கு ராகுகாலம். மங்கை அடுப்பைப் பற்றவைத்தாள். பால் மளமளவென்று விளிம்பு வரை ஏறியது. ஏறியது அங்கேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது, யோசித்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. இது அடங்கிவிட்டால் மறுபடியும் அதே ரயில், அதே தூங்கும் முகம். மங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்த ஜம்புலிங்கமும் சங்கடத்தோடு, "அணைச்சிடலாமாம்மா?" என்றார்.

அப்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்த பொற்கொடி, நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல, "வா, வா," என்றாள்.

பால் அவள் இருந்த பக்கமாக வழிந்தது. அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். பால் பால்கனிப் பக்கமாக வழிந்தது. ஜம்புலிங்கம் அடுப்பை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒப்பந்தப் பத்திரத்தில் 'வாசல்: குழந்தையைப் பார்த்தது' என்று எழுதினார்.

"திசை வந்துட்டா வாடகை ஏறுமே?" என்றாள் மங்கை.

"இந்தத் திசைக்கு இந்த ஏரியாவுல ரேட்டே கிடையாதும்மா. பேசின வாடகையே குடுங்க," என்று சாவியை நீட்டினார்.

மங்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவருக்கு நன்றி சொன்னாள், பாலுக்குச் சொன்னாள், கொடுக்க மறுத்த எதிர்வீட்டு அம்மாளுக்கும் மனசுக்குள் சொன்னாள். கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும் என்றாயிற்று. அந்த நேரத்தில் குழந்தைகள் விழித்திருப்பார்கள் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. பொற்கொடியின் கண் கறுப்பில்லை, காப்பிக்கொட்டை நிறம். அதைப் பார்த்துக்கொண்டே நின்று முதல் வாரம் இரண்டு நாள் கடைக்குத் தாமதமாகப் போனாள். திட்டு வாங்கியபோதும் சந்தோஷமாகவே இருந்தது.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், ஓர் அம்மாளுக்கு மாம்பழ நிறப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் மங்கை. கீழே பேருந்துகள் விடாமல் ஹாரன் அடித்தன. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். கடைக்கு நேர் எதிரே, சாலையின் நடுவில், வீடு நின்றுகொண்டிருந்தது. அதன் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் பொற்கொடி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். போக்குவரத்துக் காவலர் பால்கனியில் நின்ற ஏகாம்பரத்திடம் கொஞ்சம் ஓரமாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றாள் மங்கை. "எங்க வீடு வந்திருக்கு."

"போய்ட்டு நிதானமா வாம்மா," என்றாள் அந்த அம்மாள். "நான் அதுக்குள்ள முந்தானையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."