காதில் விழாது என்றார்கள்

மனைவி பக்கத்தில் நிற்க, அவள் கணவரின் தலையில் ஒயர்களை ஒட்டி, ஐந்து வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, மெல்லிய மின்சாரம் பாய்ச்சினாள் டெக்னீஷியன். பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவியைக் கூப்பிடக்கூட வார்த்தை கிடைக்காமல் தவித்த மனிதர் அவர்.

“இப்ப சொல்லுங்க ஐயா.”

“குடை, வாளி, பூட்டு, மேகம், சீப்பு.”

மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

“இன்னும் எத்தனை நாள் இழுத்துக்கிட்டுக் கிடப்பீங்க? போய்ச் சேருங்களேன்.”

அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, காதில் விழாது என்று நர்ஸ் சொன்னதை நம்பி அவள் அவர் காதோரம் கொட்டிய வார்த்தைகள். குரல் மட்டும்தான் அவருடையது, அலுப்புகூட அவளுடையதுதான்.

“மெஷினை நிறுத்தும்மா!” டெக்னீஷியனிடம் கத்தினாள் மனைவி.

“அப்பவே நிறுத்திட்டேனேம்மா.”

அவர் மனைவியைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். “மறுபடி சொல்றேன், கேளு. குடை, வாளி, பூட்டு...”