ஒரு வீட்டில் இரண்டு நம்பர்

அந்தப் பல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு இரண்டு வலி. ஒன்று பல்வலி. மற்றது இருநூற்று மூன்று.

நோயாளி நாற்காலியில் சாய்ந்து, கன்னத்துக்குள் பஞ்சு அடைக்கப்பட்டு, ‘ஆ’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத நிலைக்கு வந்ததும் டாக்டர் ஆரம்பிப்பார்.

“பௌலிங் ஆடியிருக்கீங்களா?”

“ஆ.”

“ஆடணும். வழவழன்னு பலகை, அந்தக் கோடியில பத்துக் கட்டை. பந்தை உருட்டிப் பத்தையும் ஒரே தடவையில சாய்ச்சா ஸ்ட்ரைக். நம்மள மாதிரி ஆளுங்க மொத்தத்துல நூறைத் தொட்டாலே பெரிய விஷயம். நான் எவ்வளவு எடுத்தேன் தெரியுமா? இருநூத்தி மூணு!”

கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு போய் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொட்டதே இல்லை. தொட்டால் மானம் கப்பலேறும் என்று தெரிந்திருந்ததால், முதுகுவலி என்று சொல்லி ஒப்பேற்றிவந்தார். வருஷம் போகப்போக அந்த ஆட்டத்துக்கு மெருகு கூடியது. வேடிக்கை பார்த்த நாலு பேர் பெருங்கூட்டமானார்கள். கைதட்டல் விசிலானது. யாரோ அழுதார்கள்.

ஒருநாள் கடைவாய் ஈறு வீங்கி ஒரு வேன் டிரைவர் வந்தார். டாக்டரின் மனைவி மேற்பார்வை பார்க்கும் பார்சல் கிடங்கில் வண்டி ஓட்டுபவர். கதை முழுவதையும் வாயைத் திறந்தபடியே கேட்டுவிட்டு, கொப்பளித்துத் துப்பியதும் சொன்னார்:

“குடும்பமே கில்லாடிக் குடும்பம் சார். போன வாரம் மேடம் இருநூத்தி இருபத்தொண்ணு எடுத்தாங்களே!”

“எந்த மேடம்?”

“உங்க வீட்டு மேடம்தான் சார். வெள்ளிக்கிழமை ஆனா கிடங்கு ஆளுங்க எல்லாரும் போவோமே. சொல்லலையா?”

டாக்டரின் கையிலிருந்த இடுக்கி தட்டில் ‘ணங்’கென்று விழுந்தது. மனைவி வெள்ளிக்கிழமைகளில் தாமதமாக வருவது தெரியும். எங்கே போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த நோயாளிகளிடம் அவர் வாயே திறக்கவில்லை. பல் அவ்வளவு மோசமோ என்று அவர்கள் நடுங்கிப்போனார்கள்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இருநூத்தி இருபத்தொண்ணாமே?”

“யார் சொன்னா?”

“ஊரே சொல்லுது. நீதான் ஒரு வார்த்தை சொல்லல.”

“சொல்லியிருந்தா உங்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா?”

“எனக்கென்ன பொறாமையா? சந்தோஷப்பட்டிருப்பேன்!” என்றார் டாக்டர், முகத்தில் ஈயாடாமல். “கனம் கம்மியான பந்தா எடுத்திருப்ப.”

“ஆமாங்க.”

“இப்பல்லாம் பலகையும் நல்லா வழுக்குது.”

“ஆமாங்க.”

எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“வீட்டுல ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கு,” என்றாள் அவள். “ரெண்டு நம்பரை வச்சுக்கிட்டுக் குடித்தனம் நடத்த முடியாதுங்க. அதுவுமில்லாம, அங்க போனா அந்தப் பார்சல் எங்க, இந்தப் பார்சல் எங்கன்னு யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன். நம்பரையெல்லாம் நான் பாக்கறதே இல்ல. வேணும்னா இந்த வாரம் நீங்களும் வாங்க.”

முதுகுவலி என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

வெள்ளிக்கிழமை, வாடகை ஷூ காலைக் கடிக்க, அவர் உருட்டிய முதல் பந்து நேராக ஓரப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான் போனது. கிடங்கு ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது.

“ஸ்கோர் ஸ்கிரீனைப் பாக்காதீங்க,” என்றாள் மனைவி. “கட்டையை மட்டும் பாருங்க.”

பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. கடைசியில் ஒரு ஸ்ட்ரைக்கும் விழுந்தது. வேன் டிரைவர் விசிலடித்தார். இந்தத் தடவை விசில் நிஜமாகவே கேட்டது.

திரும்பும்போது காரை டாக்டர்தான் ஓட்டினார். சிக்னல் வரைக்கும் அடக்கிப் பார்த்தவர் அதற்கு மேல் முடியாமல், “நூத்தி முப்பத்தொண்ணு,” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். “தெரியுமே. ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க.”

“நீ நம்பரே பாக்கறதில்லன்னியே?”

 அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பௌலிங் ஸ்கிரீன். இருநூற்று இருபத்தொன்று. ஓரத்தில் அவளுடைய விரல் மங்கலாக விழுந்திருந்தது.

“தினமும் ஒரு தடவை எடுத்துப் பாப்பேங்க,” என்றாள், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் போல.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஹாரன்கள் அலற ஆரம்பித்தன.

“முதல் பந்துலேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லு,” என்று வண்டியை நகர்த்தினார்.

வீடு வந்துசேரும் வரை அவள் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசியது இரண்டே தடவைதான்.